நெருளில் ஓடும் நீலக்கோடு

மகன் நேற்று ராத்திரி எப்போது கண்ணயர்ந்தான் என்று ஒரு தாய்க்குத் தெரிவதற்கு, 2023-ஆம் வருஷத்துத் தாராவியில் மாதம் ஐந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் ஆயிற்று. வரி உட்பட. சொர்ணம்மாளைக் கேட்டால் சல்லிசு என்பாள். அவள் புருஷன் கணேசபாண்டியன் எந்த விலையையும் சல்லிசு என்று ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. பழைய அட்டைப்பெட்டிக்குக் கிலோவுக்கு அரை ரூபாய் குறைக்க முழுக் காலையும் மல்லுக்கட்டுகிறவர். ஆனால் மாதம் பிறந்தால் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து அந்தப் பணம் தானாகக் கழிந்துகொண்டிருந்தது. ஏன் நிறுத்தவில்லை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாரோ என்ற பயம்தான்.

படமும் சீரியலும் நெட் வழியாகக் காட்டுகிற ஒரு கம்பெனியின் சந்தா அது. சந்தா ஒன்றுதான், அதற்குள் ஆளுக்கொரு பொம்மை போட்டு அறை அறையாகப் பிரித்துக்கொள்ளலாம். மகன் சுரேந்திரன் வீட்டில் இருந்தபோது அவன் கையால் பிரித்துவைத்தது. அப்பாவுக்குக் காண்டாமிருகம், அம்மாவுக்கு ஒரு பூ, சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஜெயினுலாப்தீன் பாய் குடும்பத்துக்குப் பூனை, தனக்கு ஓர் ஆந்தை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுரேந்திரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நவி மும்பையில் இருக்கும் நெருளுக்குப் போனான். ஆந்தை மட்டும் தாராவி டிவியிலேயே உட்கார்ந்திருந்தது.

அவன் போனதற்குக் காரணம் ஒரு விலாசம். தாராவிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியில் வீடு எங்கே என்று கேட்டால் ஒருவன் சயான் என்பான், இன்னொருவன் மாஹிம் என்பான். வேலைக்கு மனுப் போடும்போதும், வங்கியில் கடன் கேட்கும்போதும், பெண் பார்க்கப் போகும்போதும் ஊரே இரண்டு பக்கமும் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் தாராவி என்று ஒன்று இருந்த அடையாளமே இருக்காது. சுரேந்திரனும் தன்னோடு வேலைபார்த்த மாட்டுங்காப் பெண் ஷாலினியிடம் மாஹிம் என்றுதான் சொல்லியிருந்தான். நிச்சயதார்த்தத்தன்று அவள் அப்பா வேங்கடசுப்ரமணியன் காப்பியை நீட்டிக்கொண்டே, "மாஹிம்ல நீங்க எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"மாஹிமா? நமக்குத் தாராவி. தொண்ணூறு அடி ரோடு. முப்பத்தஞ்சு வருசமா அங்கனதான்," என்றார் கணேசபாண்டியன். "மாப்பிள்ள வேற என்னமும் சொல்லியிருக்காரோ?"

வேங்கடசுப்ரமணியன் நல்ல மனிதர். "அதனால என்ன, எல்லாம் பக்கம்தானே," என்று சிரித்துச் சமாளித்துவிட்டார். கல்யாணமும் நின்றுபோகவில்லை. கணேசபாண்டியன்தான் போகவில்லை. சொர்ணம்மாள் ஜெயினுலாப்தீன் பாயின் மனைவி சைனப்பைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய் மகனுக்கு அட்சதை போட்டுவிட்டு வந்தாள்.

அதன் பிறகு சுரேந்திரன் போனில் பேசுவான், அம்மாவோடு மட்டும். நல்லா இருக்கேம்மா என்பான், சாப்ட்டேம்மா என்பான். சொர்ணம்மாள் அதை நம்புவதில்லை.

"போன்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ," என்பாள் சைனப்பிடம். "செத்தவன் கையில போனக் குடுத்தாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான்."

அவள் நம்பியது நீலக்கோட்டை. ஒரு படத்தை எதுவரை பார்த்தோம் என்று காட்ட அதன் அடியில் ஒரு நீலக்கோடு ஓடும்; நெருளில் அவன் பார்த்தது தாராவி டிவியிலும் தெரியும். காலையில் புருஷன் கோடவுனுக்கு இறங்கியதும் சத்தத்தைக் குறைத்து டிவியைப் போட்டு ஆந்தையைத் திறப்பாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். கோட்டைப் படிக்க எழுத்து எதற்கு? பாதியில் நின்றால் தட்டுக்கு முன்னாலேயே தூங்கிவிட்டான். ஒரே ராத்திரியில் வரிசையாகக் கோடுகள் நிறைந்திருந்தால் தூக்கம் பிடிக்கவில்லை, ஆபீசில் ஏதோ உபத்திரவம். பழைய காமெடிப் படம் ஒன்று மேலே வந்து நின்றால் காய்ச்சல். சின்னப் பிள்ளையிலிருந்தே உடம்பு சுட்டால் அவனுக்கு அந்தப் படம் வேண்டும். அன்றைக்கு ஷாலினிக்குப் போன் போட்டு, "பர்ஸாத்து, மழக் காலம் பாரு, கொஞ்சம் சுக்கு தட்டி வச்சுக்கோ," என்பாள்.

"அவர் ஜுரத்தோட படுத்திருக்கறது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது அத்தை?" என்று மருமகள் அசந்துபோவாள்.

"பெத்தவளுக்குத் தெரியாதா?" என்பாள் சொர்ணம்மாள். கம்பெனியின் பங்கை அவள் சொல்வதில்லை.

ஒருநாள் தவறிப்போய் ஆந்தையின் அறைக்குள்ளேயே ஒரு அம்மன் படத்தைப் போட்டுவிட்டு, பாம்பு வந்து தாலியைக் காப்பாற்றுவதற்கு முன்னால் தூங்கிவிட்டாள். மறுநாள் பதறிக்கொண்டு திறந்தால், அம்மன் படத்தின் கோடு கடைசிவரை ஓடி முடிந்திருந்தது. பேலாப்பூரில் கம்ப்யூட்டர் தட்டுகிற பிள்ளை, நெருளில் உட்கார்ந்து, அம்மா விட்ட இடத்திலிருந்து பாம்பைப் பார்த்திருக்கிறான். சொர்ணம்மாள் அதைச் சைனப்பிடம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

அந்தக் கோடுதான் ஜூலை மாதம் நின்றது.

முதல் நாள் வேலை அதிகமாயிருக்கும் என்று நினைத்தாள். அப்புறம் வெளியூர் என்று நினைத்தாள். ஒரு வாரமாகியும் ஆந்தை அசையவில்லை. போன் போட்டால் அதே 'நல்லா இருக்கேம்மா'. வெளியே மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது. கடைசியில் அடுத்த வீட்டு வாசிமைக் கூப்பிட்டாள். ஜெயினுலாப்தீன் பாயின் மகன். மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன்.

"ஒண்ணும் லஃபடா இல்ல பெரியம்மா," என்றான் வாசிம். "கம்பெனி புது ரூல் போட்டுட்டான். ஒரு சந்தா ஒரு வீட்டுக்குத்தான். வேற வீட்டுல பாத்தா பந்த் பண்ணிருதான்."

"வேற வீடா? அவன் எம் மவம்லா?"

"அது அவனுக்கு எப்படித் தெரியும்? வைஃபை வச்சுத்தான் வீட்டுக் கணக்கு. ஒரே வைஃபைன்னா ஒரே வீடு."

கூடவே வந்திருந்த சைனப்புக்குத் திக்கென்றது. "அப்போ நம்ம வீட்டுக்கும் பந்த்தால?"

"நமக்கு எதுக்கும்மா? பெரியப்பா வைஃபைதான செவத்தத் தாண்டி வருது. கம்பெனி கணக்குல நாம எல்லாம் ஒரே குடும்பம்."

சொர்ணம்மாள் மூவரையும், அதாவது தாயையும் மகனையும் டிவியையும், மாறி மாறிப் பார்த்தாள். "ஜெயினுலாப்தீன் அண்ணன் எங் குடும்பம். நான் பெத்தது வேத்தாளு. நல்லா இருக்குட்டி ஒங் கம்பெனி."

"மைனி, வேணும்னா எங்க பூனைய எடுத்துரச் சொல்லுதேன்."

"ஒன் பூன போனா எம் ஆந்த வருமா? சும்மா கெட."

சாயங்காலத்துக்குள் அந்தச் சந்து முழுக்க அதே பேச்சுத்தான். நெல்லையப்பன் டீக்கடையில் நாலு பேர் கட்டிங் சாயாவோடு கம்பெனியைத் திட்டினார்கள். ஒருவனுக்கு மச்சினன் சந்தா போயிற்று, இன்னொருவனுக்கு முதலாளி சந்தா. காசு கொடுத்தவர்களைவிடக் கொடுக்காதவர்களுக்கே கோபம் அதிகம்.

"மொதல்ல அன்பா எல்லாருக்கும் பாஸ்வேர்டக் குடுன்னு அவனே சொன்னான் அண்ணாச்சி," என்றார் நெல்லையப்பன். "ஆளு சேந்ததும் கதவ அடைக்கான். இது நியாயமா?"

"நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்," என்றார் கணேசபாண்டியன். "மொத வருசம் சாம்பிளு. ரெண்டாம் வருசம் கடனு. மூணாம் வருசம் ரொக்கம். வியாபாரின்னா பின்ன என்ன, தண்ணிப் பந்தலா வச்சிருக்கான்?"

ஜெயினுலாப்தீன் பாய் பெல்ட் பட்டறை வைத்திருப்பவர்; எதையும் ஒரு பழைய சங்கதியோடு சேர்த்துத் தைக்காமல் விடமாட்டார். "நம்ம கேபிள்வாலா இவனுவளுக்கு மேல அண்ணாச்சி. ஞாவகம் இருக்கா?"

இருந்தது. சந்தில் முதல் கலர் டிவி பாய் வீட்டில்தான் வந்தது. தமிழ்ச் சானல் கேபிளில் முதன்முதலாக வந்த அன்று பெண்களெல்லாம் விளம்பரத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை. சோப்புக்காரி தமிழில் பேசுகிறாள் என்று ஒருத்தி அழுதாள். பாய் வீட்டுக் கேபிள், சுவரில் போட்ட ஓட்டை வழியாகக் கணேசபாண்டியன் வீட்டுக்கு வந்தது. அங்கிருந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒருவர் சானலை மாற்றினால் வரிசையாக எட்டு வீட்டில் மாறும், "யாருல மாத்துனது?" என்று எட்டு வீட்டிலிருந்தும் கேட்கும். வசூலுக்கு வரும் நாளில் வயரை இழுத்துக்கொண்டு ஓட்டையில் துணியைத் திணித்துவைப்பார்கள். கேபிள்வாலா கட்டிலில் உட்கார்ந்து சாயா குடிப்பான். ஓட்டையைப் பார்ப்பான். "தீவார் கோ ஸர்தி ஹுயீ க்யா?" என்பான். சுவருக்குச் சளியா என்று கேட்டுவிட்டு, ஒரு வீட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாத மரியாதையும் தெரியும்.

"இவனுக்கு அந்தச் சளி வெவகாரம் எல்லாம் புரியாது," என்றார் பாய். "மிசினுக்கு ஏது மொகதாட்சண்யம்?"

மறுநாள் கோடவுனில், சொர்ணம்மாள் நச்சரிப்புத் தாங்காமல், கணேசபாண்டியன் கம்பெனிக்குப் போன் போட ஒப்புக்கொண்டார். மழைக்காலம் அட்டைப்பெட்டிக்கு எதிரி. நமத்துப்போன சரக்கை மின்விசிறிக்கு அடியில் பரப்பியிருந்தார்கள். நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து பழைய பெட்டிகளைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியாகத் திருப்பி, பின் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட் பெட்டியும் மருந்துப் பெட்டியும் திருப்பியடித்தால் பிறந்த ஊர் தெரியாத புதுப் பெட்டி. வாசிம் போனை ஸ்பீக்கரில் போட்டான். தமிழுக்கு எண்ணை அமுக்கியதும் ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் சார், நான் முத்துமாரி பேசுறேன். எப்படி உதவலாம்?"

"முத்துமாரியா! எந்த ஊரும்மா நீ?"

"அது சொல்லக் கூடாது சார்."

"பேரே சொல்லுதே, கோவில்பட்டிக்கு இங்கிட்டு இருக்காது. சரி, விசயத்துக்கு வருவோம். எம் பையன் நெருள்ல இருக்கான். அவனும் பாக்கணும். என்ன ரேட்டு?"

"இன்னொரு வீடு சேர்க்க மாசம் நூத்தித் தொண்ணூத்தொம்பது சார்."

"நூறு போட்டுக்கோ."

"சார், இது சிஸ்டம்ல ஃபிக்ஸட்."

"எங்க லைன்ல ஃபிக்ஸட் ரேட்டுன்னு போர்டு வச்சவன் எல்லாம் போர்டையும் சேத்து எனக்கே எடைக்குப் போட்டுட்டுப் போயிருக்கான்மா. வருசத்துக்கு மொத்தமா எடுக்கேன். நூத்தி இருவது."

பெட்டி அடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அந்தப் பக்கத்தில் முத்துமாரி சிரிப்பை அடக்குவது ஸ்பீக்கரில் தெரிந்தது.

"குறைக்க முடியாது சார். ஆனா பணம் கட்டாமலே ஒரு வழி இருக்கு. உங்க பையன் பாக்குற டேப்லெட்டை மாசம் ஒரு தடவ உங்க வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்க வைஃபைல ஒரு தடவ திறந்தாப் போதும். அதுவும் உங்க வீட்டுச் சாமான்னு சிஸ்டம் ஒத்துக்கும்."

கணேசபாண்டியன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆளு வரணுமா, சாமான் வந்தாப் போதுமா?"

"சாமான் வந்தாப் போதும் சார்."

"சாமான் தானா நடந்து வராதே."

"யாராவது கொண்டுவரணும்தான் சார்."

"மாசா மாசமா?"

"மாசா மாசம் சார்."

"அப்போ அந்த நூத்தித் தொண்ணூத்தொம்பது வேண்டாம்மா," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துபோய் ஈரமில்லாத ஒரு பெட்டிக்கட்டை மறுபடியும் தடவிப் பார்த்தார்.

ராத்திரிச் சோற்றுக்குச் சொர்ணம்மாள் குழம்பை ஊற்றவில்லை, சட்டியோடு முன்னால் வைத்தாள். "ஒரு நூத்தித் தொண்ணூத்தொம்பது. அதுக்குக் கூடவா கை வரல? அவன் தனியா ஒரு சந்தா போட்டுக்கிட்டான்னா நான் எதப் பாத்து உசுரோட கெடக்க?"

"தனியாப் போட வசதி இருக்கு. போட்டானா?"

அவர் அப்படிக் கேட்டதும்தான் அவளுக்கும் அது உறைத்தது. மறுநாள் ஷாலினியைக் கூப்பிட்டு டேப்லெட் விஷயத்தைச் சொன்னாள்.

"புதுசா ஒண்ணு எடுத்துக்கலாம்னு நானும் சொல்லிட்டேன் அத்தை," என்றாள் ஷாலினி. "வேண்டாங்கறார். காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்கறார். ராத்திரி அந்த டேப்பை வெறுமனே வெச்சிண்டு உக்காந்திருக்கார். நீங்க சொன்னதைச் சொல்றேன். வருவாரான்னு தெரியலை."

ஞாயிற்றுக்கிழமை கணேசபாண்டியன் காலையிலேயே போய்க் கோழி வாங்கி வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. சொர்ணம்மாள் கேட்கவும் இல்லை. கறுப்பு உளுந்தை வறுத்து உளுந்தஞ்சோறு வைத்தாள், எள்ளுத் துவையல் அரைத்தாள். மழை ஒரு சொட்டு இடைவெளி விடவில்லை. மதியம் தாண்டியது. கோழிக்குழம்பை இரண்டாம் தடவை சூடு பண்ணும்போது கீழேயிருந்து வாசிமின் குரல் வந்தது.

"பெரியம்மா! சுரேந்திரன் அண்ணன் வந்திருக்காவ!"

சொர்ணம்மாள் ஜன்னலுக்கு ஓடினாள். சந்தில், பாய் வீட்டுத் தகரத்துக்கு அடியில், குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுரேந்திரன் நின்றான். பிளாஸ்டிக் உறையிலிருந்து டேப்லெட்டை எடுத்து நெஞ்சு உயரத்தில் பிடித்திருந்தான். வீட்டிலிருந்த காலத்து வைஃபை பாஸ்வேர்ட் அதற்குள் இன்னும் இருந்தது. சந்துக்குள் நுழைந்தாலே தானாகப் பிடிக்கும். மேலே ஏற வேண்டிய அவசியமில்லை. நின்றபடி திறந்து, நின்றபடி மூடி, குர்லா வண்டியைப் பிடித்துவிடலாம்.

"மேல வால," என்று கூப்பிட வாயைத் திறந்தாள்.

"இரு," என்றார் கணேசபாண்டியன். எழுந்தார். டிவிக்குப் பின்னால் கையை விட்டு வைஃபைப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைனப்பின் குரல் பாய்ந்தது. "எவம்ல நெட்டப் பிடுங்குனது? கதாநாயகி வெசம் குடிக்கப் போறா!"

சொர்ணம்மாளுக்குக் கண் சிவந்துவிட்டது. "நீரு மனுசனா? வாசல் வரைக்கும் வந்த புள்ளைய—"

"கத்தாத," என்றார் அவர், தணிந்த குரலில். "வாசல்ல நிக்கவனுக்குச் சரக்க அங்கனயே எடுத்து நீட்டுனா வாங்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பான். உள்ள வந்து உக்காரணும். ஒன் வேல அடுப்படியில. போ."

கீழே சுரேந்திரன் டேப்லெட்டை உயர்த்திப் பார்த்தான். இடம் மாறி நின்று பார்த்தான். வாசிம் ஏதோ சொல்ல வந்து, மேலே ஜன்னலில் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "டவர் ப்ராப்ளம் அண்ணே, மேல போய்ப் பாத்தாத்தான் தெரியும்," என்று மூச்சுவிடாமல் பொய் சொன்னான்.

இரும்பு ஏணிப் படியில் ஒரு காலடி விழுந்தது. நின்றது. பிறகு மளமளவென்று ஏறியது.

சுரேந்திரன் உள்ளே வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். "நெட்டு போச்சாம்மா?"

பதிலை அப்பா ஜன்னலுக்குச் சொன்னார். "மழை. லைன்ல கோளாறு. அர மணி ஆவும்."

சுரேந்திரன் வைஃபைப் பெட்டியைப் பார்த்தான். பிளக் தரையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, மல்லாந்து கிடந்தது. பிளக்கையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு டேப்லெட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"அர மணி ஆவும்னா சோறு போடும்மா."

சைனப் சண்டைக்கென்றே படியேறி வந்தவள், தட்டின் முன் இருந்தவனைப் பார்த்ததும் வந்த வழியே இறங்கிப்போய், ஒரு கிண்ணத்தில் தன் வீட்டுக் கறிக்குழம்பான கறியாணத்தோடு திரும்பி வந்தாள். "நெட்டு மெதுவா வரட்டும்," என்றாள். "அவ வெசத்த நாளைக்குக் குடிச்சுக்கிடட்டும்."

உளுந்தஞ்சோறு மூன்று தடவை தட்டில் விழுந்தது. அம்மாவிடம் ஆபீசைப் பற்றிச் சொன்னான். நல்லா இருக்கேன் என்று சொல்லவில்லை. மேலதிகாரி ஒருவன் பாடாய்ப் படுத்துவதைச் சொன்னான். சொர்ணம்மாள் தெரியாதவள்போல் உச் கொட்டினாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மழைக்குக் காவல் இருந்தார்.

கை கழுவிவிட்டுச் சுரேந்திரனே குனிந்து பிளக்கைச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. டேப்லெட்டைத் திறந்ததும் அது ஏதோ கேட்டது. படியேறி வந்து தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த வாசிம் சந்துக்கே கேட்கும்படி வாசித்தான்: "இது உங்கள் வீடுதானான்னு கேக்குதுண்ணே."

சுரேந்திரன் விரலால் ஒரு தடவை தொட்டான். ஆந்தை வந்தது. கணேசபாண்டியன் ஜன்னல் கம்பியில் இல்லாத அழுக்கைத் துடைத்தார்.

அவன் போன பிறகு ஜெயினுலாப்தீன் பாய் படியில் வந்து உட்கார்ந்தார். மழை விட்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு யாவாரம் லாபமா, நட்டமா?"

கணேசபாண்டியன் விரலை மடக்கினார். "வரவு நூத்தித் தொண்ணூத்தொம்பது, கட்டாம மிச்சம். செலவுல கோழி முந்நூத்தி அறுவது. உளுந்து, எள்ளு, எண்ணெய் நூறுன்னு வையும். ஒம்ம வீட்டுக் கதாநாயகிக்கு வெசம் தள்ளிப்போனது தனி."

"அப்போ நட்டம்."

"இருக்கட்டும். ஒரு பாக்கியும் நிக்கி. வந்ததுலேருந்து போற வரைக்கும் அம்மா, அம்மா, அம்மா. நம்மள ஒரு வாட்டி அப்பான்னு கூப்பிடல."

"அதத் தள்ளி எழுதிரும்."

"தள்ளவா? அடுத்த மாசத்துல ஏத்தியாச்சு."

பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "ஒம்ம பேருல நிக்கத மட்டும் சொல்லலியே அண்ணாச்சி. புள்ள கல்யாணத்துக்குப் போவாதது?"

கணேசபாண்டியன் மடக்கிய விரலையெல்லாம் பிரித்து ஒரு நிமிஷம் கையைப் பார்த்தார்.

"அது பழைய கடன். அசலு அப்படியே கெடக்கு பாய். இன்னைக்கு வட்டியில கொஞ்சம் கட்டியிருக்கேன்."